கியர் பெட்டியை இறக்குவதற்கு முன்னால்

எங்கள் பக்கம் பிக்கப் என்றால் கிளட்ச் மிதித்துக் கியர் போடுகிற வண்டிதான். களக்காட்டில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தக் கியர் பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற ஆள் இருப்பார். நான் ஆட்டோமேட்டிக் வாங்கியதற்கு என் இடது முட்டிதான் காரணம். தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்து முட்டிச் சிரட்டை உடைந்து, ஆபரேஷன் முடிந்து எழுந்தபோது நடக்க முடிந்தது, கிளட்சை மிதிக்க முடியவில்லை. பத்துக் கிலோமீட்டர் ஓட்டினால் கால் நடுங்கும். வாழைக்காரன் வண்டி ஓட்டாமல் என்ன செய்வது? தேடி அலைந்து, 1,10,000 கிலோமீட்டர் ஓடின ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்பை வாங்கினேன். கையில் ஸ்டியரிங் மறுபடி வந்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லித் தீராது.

அந்த வண்டி ஒரு வருஷத்துக்குள் என்னைப் படுத்திய பாட்டையும், அதிலிருந்து நான் படித்துக்கொண்டதையும் எழுதுகிறேன். இப்போது ஆட்டோமேட்டிக் பிக்கப் அங்கங்கே வர ஆரம்பித்துவிட்டது. வாங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் கேட்க ஆள் இல்லை.

முதல் அறிகுறி ஆடி மாதத்தில் வந்தது. நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டி வள்ளியூர் பக்கம் போகிறேன். வேகம் அறுபது, ஆக்சிலேட்டரில் கால் லேசாகத்தான் இருக்கிறது. ரோட்டில் வேகத்தடைக்கு முன்னால் வெள்ளைப் பட்டைகளைத் தடிப்பாகப் போட்டிருப்பார்களே, அதன் மேல் ஏறினது போல வண்டி கடகடவென்று உதறியது. நான்கைந்து நொடிதான். காலை எடுத்ததும் நின்றுவிட்டது. ஆடிக் காற்றில் வண்டி ஆடுகிறது என்று நினைத்தேன். அப்புறம் டயர் என்று நினைத்தேன். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைக்குப் போய் நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் பார்த்தேன். கடைத் தம்பி நேர்மையானவன். "டயர்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, வேற எங்கயாவது பாருங்க" என்று சொல்லிப் பேலன்சிங் கூலி மட்டும் வாங்கினான்.

டயரா, கியர் பெட்டியா என்று கண்டுபிடிக்கக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. அப்போது எனக்குத் தெரியாது. ஆள் இல்லாத நேரான சாலையில், உதறல் வருகிற அதே வேகத்தில் சீராகப் போக வேண்டும். உதறும்போது, ஆக்சிலேட்டரில் வலது கால் அப்படியே இருக்க, இடது காலால் பிரேக்கை மெதுவாக, பிரேக் லைட் எரிகிற அளவுக்கு மட்டும் தொட வேண்டும். தொட்ட அந்த நொடியில் உதறல் நின்றால் டயர் காரணம் இல்லை. டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற லாக்கப் கிளட்ச்தான் உதறுகிறது. பிரேக் சுவிட்ச் வேலை செய்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் அந்தக் கிளட்சை விட்டுவிடும், அதனால்தான் நிற்கிறது. டயர் கோளாறு என்றால் பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அந்த வேகத்தில் ஆட்டம் இருக்கும்.

இந்த டார்க் கன்வெர்ட்டர் என்ன என்று சொல்லிவிடுகிறேன், மற்றது எல்லாம் அதைத் தொட்டுத்தான் வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுற்றுகிறதைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையை யாரும் பிடித்துச் சுற்றுவதில்லை, காற்று தள்ளுகிறது. டார்க் கன்வெர்ட்டருக்குள் அந்தக் காற்றின் இடத்தில் எண்ணெய் இருக்கிறது. இன்ஜினோடு சேர்ந்த ஒரு இறக்கை எண்ணெயை வீசும், கியர் பெட்டியோடு சேர்ந்த இன்னொரு இறக்கை அந்த வீச்சில் சுற்றும். இரண்டுக்கும் இடையில் கொஞ்சம் வழுக்கல் இருந்துகொண்டே இருக்கும். அந்த வழுக்கல்தான் சூடாக மாறுகிறது, டீசலையும் தின்கிறது. அதனால் சீரான வேகத்துக்கு வந்ததும் ஒரு கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதுதான் லாக்கப். இந்தக் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியே வேலை செய்கிறது. அது வழுவழுப்பாகப் பிடிக்குமா, விட்டு விட்டுப் பிடித்து உதறுமா என்பது எண்ணெயில் கலந்திருக்கிற மருந்துகளைப் பொறுத்தது. எண்ணெய் பழசாகிவிட்டாலும், வண்டிக்குச் சேராத எண்ணெயாக இருந்தாலும் முதலில் தெரிகிற இடம் இதுதான்.

இது தெரியாமல் நகரத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். "எண்ணெய் மாத்தினா சரியாப் போகும்" என்றார்கள். சொன்னது சரிதான். செய்த விதத்தில்தான் எல்லாம் கெட்டது. மத்தியானம் இரண்டு மணி. களக்காட்டிலிருந்து ஓட்டிப் போன சூடு அடங்காத வண்டி. பழைய எண்ணெயை வடித்தார்கள், எவ்வளவு வடிந்தது என்று அளக்கவில்லை. "சிவப்பு எண்ணெய் எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு டின்னை எடுத்து, அளவு ஓட்டை வழியாக வழிகிற வரைக்கும் ஊற்றி, போல்ட்டைப் போட்டு முடித்தார்கள். நானும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வாரம் வண்டி நன்றாகவே போனது.

அதற்குள் ஆவணி வந்துவிட்டது. ஓணத்துக்கு முந்தின பத்து நாள் எங்களுக்கு வருஷத்தின் தலையான நாள். ஏத்தங்காய்க்கு, அதாவது நேந்திரங்காய்க்கு, அப்போது கிடைக்கிற விலை வேறெப்போதும் கிடைக்காது. புனலூர் வியாபாரிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வழக்கமாக ஏற்றுகிறதுக்கு மேல் 20 தார் கூட ஏற்றினேன். வண்டியின் ஆர்.சி.யில் எழுதின எடையைத் தாண்டிவிட்டது, அது என் தப்பு. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசி வந்து, செங்கோட்டை தாண்டும்போது இரவு பத்து மணி. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. புளியரை தாண்டி எஸ் வளைவு ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பேன். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. ஆர்.பி.எம். முள் 3,500-ல் நிற்கிறது, வேகம் 15-ஐத் தாண்டவில்லை. கருகின வாடை. அப்புறம் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. சூட்டு விளக்கு. அதைத் தொடர்ந்து இன்ஜின் விளக்கு. பிறகு வண்டி எந்தக் கியருக்கும் மாறாமல் மூன்றாவதிலேயே பூட்டிக்கொண்டது.

அந்தப் பூட்டிக்கொள்வதற்கு லிம்ப் மோட் என்று பெயர். அன்றைக்குக் கியர் பெட்டி போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அது கம்ப்யூட்டர் எடுக்கிற தற்காப்பு. உள்ளே ஏதோ சரியில்லை என்று கண்டதும் கியர் மாற்றுவதை விட்டுவிட்டு ஒரே கியரில் நிற்கும். பக்கத்துப் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப் போய்ச் சேரலாம் என்பதற்காகச் செய்து வைத்தது.

பின்னால் வந்த லாரிக்காரர்கள் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்தார்கள். அந்த மழையில் அவர்கள் நின்ற நிலையை நான் மறக்க மாட்டேன். கயிறு கட்டி இழுக்கிறோம் என்றார்கள். இந்த வண்டியை அப்படி இழுக்கக் கூடாது என்று மட்டும் எப்படியோ எனக்குத் தெரிந்திருந்தது. கியர் போடுகிற வண்டியை நியூட்ரலில் போட்டு ஊருக்கே இழுத்துக்கொண்டு வரலாம். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெயைச் சுற்றி அனுப்புகிற பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜினை அணைத்துவிட்டுச் சக்கரம் உருள உருள இழுத்தால் உள்ளே இருக்கிற பல்லும் பேரிங்கும் எண்ணெய் இல்லாமல் சுற்றும். தட்டை மேடை லாரியில் முழுதாக ஏற்ற வேண்டும். இல்லையென்றால் பின் ஆக்சில் பக்கத்து நான்கு போல்ட்டைக் கழற்றி பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகிற பிராபெல்லர் ஷாஃப்டைப் பிரித்துக் கட்டிவிட்டு இழுக்க வேண்டும். கழற்றும்போது இரண்டு தட்டிலும் ஒரே நேரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும், அதே இடத்தில் திரும்ப மாட்ட. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது என்பது இந்த வண்டியில் கிடையவே கிடையாது.

நாற்பது நிமிஷம் நின்றோம். மறுபடி ஸ்டார்ட் பண்ணினபோது விளக்கு எரிந்தாலும் வண்டி நகர்ந்தது. மேலே போகாமல் மெதுவாக இறங்கித் திரும்பினேன். செங்கோட்டையில் வேறு வண்டி பிடித்து, மழையில் தார் தாராக மாற்றி ஏற்றி அனுப்பினோம். காய் விடியும் முன் புனலூர் போய்ச் சேர்ந்தது. வாடகை போக ஓணத்து லாபத்தில் பாதிதான் மிஞ்சியது.

(அந்த இடத்தில் நான் இன்ஜினை உடனே அணைத்துவிட்டேன். அது தேவையில்லாதது என்று பிறகு தெரிந்தது. இன்ஜின் சூட்டு முள் சரியாக இருந்தால், கியரைப் பார்க் என்கிற நிறுத்தும் நிலையில் போட்டு இன்ஜினைச் சும்மா ஓட விடுவதே நல்லது. அப்போதுதான் பம்ப் எண்ணெயைக் கூலருக்கு அனுப்பிச் சூட்டை இறக்கும்.)

மறுநாள் வேறொரு பெரிய பட்டறை. ஸ்கேனரைச் செருகினார்கள், கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு நம்பரைப் பார்த்தார்கள், அழித்தார்கள். "கியர் பெட்டியை இறக்கணும். பிரிச்சாத்தான் தெரியும். இரண்டேகால் லட்சம் வரைக்கும் ஆகும்." என்ன நம்பர் வந்தது என்று கேட்டேன். அழித்துவிட்டோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வண்டி வாங்கின கடனே பாதி நிற்கிறது.

செங்கோட்டையில் சுமை மாற்றின பிள்ளைகளில் ஒருவன்தான் போன் பண்ணி, கடையநல்லூரில் ஒரு பாய் இருக்கிறார், மஸ்கட்டில் 14 வருஷம் பிக்கப் பட்டறையில் இருந்தவர் என்று சொன்னான். யோசித்துப் பார்த்தால் சரியான இடம். வளைகுடாவில் ஆட்டோமேட்டிக் பிக்கப் சர்வ சாதாரணம். அங்கே வேலை பார்த்துத் திரும்பின ஆட்கள் கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாம்தான் அவர்களைத் தேடுவதில்லை.

பாய் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான். எப்போது உதறும்? காலையிலா, சூடான பிறகா? ஏற்றத்திலா, சமதளத்திலா? காலையில் ரிவர்ஸ் போட்டால் உடனே விழுகிறதா, தாமதமா? அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, எத்தன லிட்டர் வடிச்சாங்க, எத்தன லிட்டர் ஊத்துனாங்க?"

தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க. காலைல அஞ்சு. வெயிலுக்கு முன்னால."

அதற்குள் அன்றைக்குச் சாயங்காலமே வண்டியை ஏற்றப் பாதையில் ஓட்டி, போன நம்பரைத் திரும்ப வரவழைத்தார். இரண்டு வந்தது: பி0700, பி0730. முதலாவது தெருக்கதவைத் தட்டுகிற சத்தம் மாதிரி. கியர் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்பதைத் தவிர அதற்கு அர்த்தம் கிடையாது. அதை மட்டும் வைத்துக் கியர் பெட்டி போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாவது, போட்ட கியருக்கும் சுற்றுகிற சுற்றுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்பது. அதாவது எங்கேயோ வழுக்குகிறது. ஏன் வழுக்குகிறது என்று நம்பர் சொல்லாது. எந்தப் பட்டறையானாலும் அழிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டு மாதிரி.

விடியற்காலை வேலை தொடங்கியது. இந்த வண்டியில் ஆயில் பார்க்கக் குச்சி கிடையாது. நிரப்ப ஒரு போல்ட், வடிக்க ஒரு போல்ட், அளவு பார்க்க ஒரு போல்ட். பாய் முதலில் நிரப்புகிற போல்ட்டைத்தான் கழற்றினார். அது துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் தெளித்து, கால் மணி நேரம் பொறுத்து, நீளக் கைப்பிடி போட்டுத் திருப்பித்தான் வந்தது. "இத மொதல்ல கழத்திட்டுத்தான் அடுத்தத தொடணும். வடிச்சிட்டு இது வரலேன்னா வண்டி இங்கயேதான் நிக்கும்" என்றார். எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

வடிந்ததை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் பிடித்து வரிசையாக வைத்தார். இரண்டு வாரத்துக்கு முன் ஊற்றின சிவப்பு எண்ணெய், அதற்குள் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டார். நல்ல எண்ணெய் என்றால் சிவப்பாகப் பரவும், இது நடுவில் கறுப்பாகத் திட்டாக நின்று ஓரத்தில் மட்டும் பழுப்பாகப் பரவியது. முகர்ந்தால் கருகின தாளிப்பு வாடை.

அப்புறம் கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது அப்போதுதான். தட்டுக்குள் மூலைக்கொன்றாகக் காந்தம் ஒட்டியிருக்கும், தேய்ந்த இரும்பைப் பிடித்து வைக்க. காந்தங்களின் மேல் சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி மொத்தமாகப் படிந்திருந்தது. பாய் அதை வழித்து என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். கண்மை மாதிரி வழவழவென்று இருந்தது. நரநரவென்று ஒன்றும் தட்டுப்படவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பளபளக்கிற துண்டு எதுவும் இல்லை. "மை மாதிரி இருந்தா வயசு. மணல் மாதிரி இருந்தா வியாதி. பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. எண்ணெதான் பத்தல." அந்த ஆறு மணி வெளிச்சத்தில், கையில் சாம்பல் பூசிக்கொண்டு நின்ற எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஏன் பத்தவில்லை என்பதில்தான் நம் ஊர் வெயில் வருகிறது. இந்த மாதிரிப் பெட்டிகளில் எண்ணெய் அளவை, இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். என் வண்டிக்கு 40 டிகிரியை ஒட்டி. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் அளவு போல்ட்டைத் திறந்தால் எண்ணெய் நூல் மாதிரி ஒழுக வேண்டும். எண்ணெய் சூடானால் விரியும். 70, 80 டிகிரியில் திறந்தால் உள்ளே குறைவாக இருந்தாலும் நன்றாகவே வழியும், நிறைந்துவிட்டது என்று மூடிவிடுவார்கள். ஆறினதும் குறைந்துபோகும். திருநெல்வேலி மத்தியான வெயிலில் நிற்கிற வண்டியில் எண்ணெய் ஓடாமலே 40-ஐத் தொட்டுவிடும். அந்த மத்தியானம் ஓட்டி வந்த வண்டியில் அளந்தது எப்படிச் சரியாக இருக்கும்? பாய் கணக்குப்படி 800 மில்லி குறைவு. சமதளத்தில் அது தெரியவில்லை. எஸ் வளைவில் வண்டி மூக்கைத் தூக்கினதும் எண்ணெய் பின்னால் சரிந்து, பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. அழுத்தம் இறங்கி, பெட்டிக்குள் கியரைப் பிடிக்கிற கிளட்ச் வழுக்கி, வழுக்கின சூட்டில் எண்ணெய் கருகியிருக்கிறது. நான் ஏற்றின கூடுதல் 20 தார் அதைச் சீக்கிரமாக்கியிருக்கிறது.

எண்ணெய் பெயரையும் கையேட்டில் பார்த்து, அதையே வரவழைத்தோம். எண்ணெய்க் கடையில் ஒருவர் 90 நம்பர் ஆயிலை எடுத்து நீட்டினார். அது கியர் போடுகிற வண்டிகளுக்கு உள்ள கெட்டி எண்ணெய், ஆட்டோமேட்டிக்கில் ஊற்றினால் பெட்டிக்கு அதுவே கடைசி. "கியர் ஆயில்" என்று கேட்காதீர்கள், டின்னில் எழுதியிருக்கிற தரத்தின் பெயரைக் கையேட்டோடு ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு தடவை மாற்றினால் போதாது. என் பெட்டியில் மொத்தம் 9 லிட்டர். வடித்தால் வருவது 4 லிட்டர், மீதி 5 லிட்டர் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாயிலும் தங்கிவிடும். ஒரு தடவை மாற்றினால் பாதிக்கு மேல் பழசுதான். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி இரண்டாவது தடவை மாற்றினால் பழசு சுமார் 31 சதவீதம். மூன்றாவது தடவையில் 17. மூன்று தடவை மாற்றினோம். மெஷின் வைத்து அழுத்திக் கழுவலாமே என்று கேட்டேன். இத்தனை வருஷம் மாற்றாத பெட்டியில் அழுத்தம் கொடுத்தால் மூலையில் கிடக்கிற அழுக்கு கிளம்பி எண்ணெயைப் பிரித்து அனுப்புகிற வால்வு பாடியின் சின்னச் சின்ன துவாரங்களில் போய் உட்காரும், நிதானமாகவே செய்வோம் என்றார் பாய். வடிகட்டி, அடித்தட்டு பாக்கிங், 12 லிட்டர் எண்ணெய், மூன்று நாள் கூலி எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய். இரண்டாவது தடவைக்குப் பிறகு உதறல் குறைந்தது. மூன்றாவதுக்குப் பிறகு நின்றது.

கூலரையும் அன்றைக்குத்தான் பார்த்தோம். ரேடியேட்டருக்கு முன்னால் சின்னதாக ஒரு வலை. வாழைச் சருகுத் தூளும் பூச்சியும் அடைத்து, வெளிச்சமே ஊடுருவவில்லை. பிரஷர் பம்பால் அடித்தால் தகடு மடங்கிவிடும். தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக விட்டாலே கழன்று வந்துவிட்டது. அதிலிருந்து மாதம் ஒரு தடவை விடுகிறேன்.

கதை அங்கே முடியவில்லை. கார்த்திகை மழையில், ஏற்றமும் இல்லை பாரமும் இல்லை, களக்காட்டுக்குப் பக்கத்திலேயே காலி வண்டி டமாரென்று ஒரு ஜெர்க் அடித்து மறுபடி மூன்றாவது கியரில் பூட்டிக்கொண்டது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு நாள் கழித்து மறுபடி. எனக்கு உயிரே போய்விட்டது. பாய்க்குப் போன் போட்டேன். எண்ணெய்க் கோளாறு என்றால் சூட்டிலும் ஏற்றத்திலும் வரும், திடீரென்று வந்து திடீரென்று போவது கரண்ட் கோளாறு, மல்டிமீட்டர் இருக்கிறதா என்று கேட்டார். மோட்டார் ரூமில் இருந்தது.

இதை யாரும் வீட்டில் செய்யலாம். பேட்டரியின் நெகட்டிவில் ஒரு கம்பி, கியர் பெட்டியின் உடம்பில் சுத்தமான உலோகத்தில் இன்னொரு கம்பி. மீட்டர் டி.சி. 20 வோல்ட்டில். இன்ஜின் ஓட வேண்டும், ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டிருக்க வேண்டும். வண்டியின் கைபிரேக் பிடித்து, பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். என் வண்டியில் 0.8.

எர்த் பட்டையைத் தேடிப் போனேன். சேஸிஸில் மாட்டியிருந்த முனையைக் கையால் தொட்டதும் பச்சைப் பொடி உதிர்ந்தது. செம்பு நரம்புகள் பாதிக்கு மேல் அரித்து, மயிர் மாதிரி நின்றன. போல்ட்டுக்கு அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அந்த உப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பொட்டாஷ். ஏத்தனுக்கு அள்ளிப் போடுகிற உரம் அதுதான். மூட்டை மூட்டையாக இந்த வண்டியில்தான் வருகிறது. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தினது சுமை ஏற்றுகிற பின்பெட்டியின் இடுக்கு வழியாக இறங்கி, மழையில் கரைந்து, எர்த் பட்டையில் போய் உட்கார்ந்திருக்கிறது. கியர் கம்ப்யூட்டருக்கு எர்த் ஆடினால் சென்சார் சொல்கிற கணக்கெல்லாம் ஆடும். அது பயந்துபோய்ப் பூட்டிக்கொள்ளும்.

புதுப் பட்டை 350 ரூபாய். உப்புத்தாளால் இரும்பு பளபளக்கத் தேய்த்து மாட்டி, மேலே கிரீஸ் பூசினேன். பக்கத்திலேயே கியர் பெட்டிக்குப் போகிற வயர்க் கொத்தின் கனெக்டரையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். மீட்டர் 0.05 காட்டியது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து இன்றைக்கு வரை அந்த விளக்கு எரியவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினதால் முதல் நாள் கியர் விழுவது கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. கம்ப்யூட்டர் படித்து வைத்திருந்ததை மறந்திருக்கும், நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் திரும்பப் படித்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது உரம் ஏற்றின அன்றைக்கே பின்பெட்டியையும் அடியையும் கழுவாமல் நான் சாப்பிட உட்காருவதில்லை.

இரண்டேகால் லட்சம் கொடுத்துப் பெட்டியை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. புது எண்ணெய், சரியான அளவு, கொஞ்ச நாள் ஓடியிருக்கும். கார்த்திகையில் அதே எர்த்தால் மறுபடி நின்றிருக்கும். நல்ல பெட்டியைப் பிரித்ததுதான் மிச்சம். பெட்டியே கெட்டுப்போகிற வண்டிகளும் உண்டு, அதை மறுக்கவில்லை. காந்தத்தில் மணல் மாதிரி வந்தால் இறக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணெயின் அளவு, எண்ணெயின் தரம், கூலர், எர்த், கனெக்டர் இவற்றைப் பார்க்காமல் இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

பார்க்கிலிருந்து டிரைவ் போடும்போது "டொக்" என்று ஒரு சத்தம் இருந்தது. அதையும் கியர் பெட்டி என்றுதான் சொல்லியிருந்தார்கள். பிராபெல்லர் ஷாஃப்ட் முனையில் இருக்கிற கிராஸ் மூட்டுதான் தேய்ந்திருந்தது, உள்ளூர்ப் பட்டறை அண்ணாச்சியே அரை நாளில் மாற்றிவிட்டார்.

ஓட்டுகிற விதத்திலும் சிலதை மாற்றிக்கொண்டேன். மலை ஏறும்போது டிரைவில் விட்டுவிடாமல், கையால் மாற்றுகிற பக்கத்துக்குத் தள்ளி இரண்டாவதில் பிடிக்கிறேன். இல்லையென்றால் வளைவுக்கு வளைவு இரண்டு, மூன்று என்று மாறிமாறிச் சூடேறும். இறக்கத்திலும் அப்படித்தான். நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு, ஆரியங்காவு இறக்கத்தில் பாரத்தோடு அதைச் செய்யவே செய்யாதீர்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஓடாத வண்டியில் அத்தனை சக்தியும் எண்ணெயில் சூடாகத்தான் போகும். பிரேக்கில் நிற்க வேண்டும். சரிவில் நிறுத்தும்போது கால் பிரேக், நியூட்ரல், கைபிரேக், காலை எடுத்து பாரம் கைபிரேக்கில் உட்கார்ந்த பிறகுதான் பார்க். பார்க்கில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற, உள்ளே இருக்கிற சின்னப் பல் ஒன்றே கால் டன் வாழையைத் தாங்குவதற்கு இல்லை.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்கிறவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறின வண்டியில் பார்க்கிலிருந்து ரிவர்ஸ், ரிவர்ஸிலிருந்து டிரைவ் போட்டு எத்தனை நொடியில் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். ரேடியேட்டர் மூடியையும் ஆறின நிலையில் திறந்து பாருங்கள். உள்ளே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, வடித்த கியர் எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி இருந்தாலோ, சில வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிற கூலர் உடைந்து தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கிறது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம். "ஆயுசுக்கும் எண்ணெய் மாத்த வேண்டாம்" என்று சொன்னார்கள் என்பார்கள். பாரம் ஏற்றி மலை ஏறுகிற வண்டிக்கு அது பொருந்தாது. நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று வைத்திருக்கிறேன்.

மோட்டார் ரூம் அலமாரியில் மூன்று தடவை வடித்த எண்ணெயையும் ஒவ்வொரு பாட்டில் எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைத்திருக்கிறேன். கருப்பட்டிக் காப்பி, அப்புறம் பழுப்பு, அப்புறம் சிவப்பு. உள்ளூர்ப் பட்டறைப் பையன்கள் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். இரண்டு பேர் கடையநல்லூர் போய்ப் பாயிடம் பழகிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மார்கழிக் காலையில் மட்டும் ரிவர்ஸ் விழ இன்னும் இரண்டு நொடி ஆகிறது. உள்ளே ஏதோ ஒரு சீல் இறுகியிருக்கும் என்கிறார் பாய். எண்ணி எழுதி வரச் சொல்லியிருக்கிறார், மூன்று நொடி ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.